கறுப்புக் காகிதம் சுற்றிய புட்டி

எண்பதுகளில், எலிக்குஞ்சின் தோல் செல்களை மருந்து கொடுத்து மூப்படையாமல் வளர்த்தவள் நான். ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து, ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகம் போய் அவற்றைப் பார்த்துக்கொண்டேன். பேராசிரியரோ கருத்தரங்கில் அத்தனையும் தன் வேலை என்றார்.

வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் புட்டிக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தேன். அடுத்த மாதம் விருந்தாளிகள் வருகிறார்கள், இது அசிங்கமாக இருக்கிறது என்று அவரே அதைக் கிழித்தெறிந்து, புட்டியை ஜன்னலோரம் வைத்தார். நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கெட்ட மருந்தையே செல்களுக்கு ஊற்றிவந்தேன்.

வந்தவர்களில் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் கிழடு தட்டிப்போச்சே!" என்றார்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா ஆச்சு?"

"உங்க செல்லுதான சார், உங்களுக்குத் தெரியாததா?"