கேம்பல் பேயில் ஒரு சிதறுகாய்க் கல்

வெள்ளி, காலை. போர்ட் பிளேயரின் ஹேடோ துறையில் கப்பலேறும்போது என் தோளில் ஒரு பையும் கையில் ஒரு கம்பிவலைச் சுருளும் இருந்தன. பை என்னுடையது, சுருள் என் மனைவியின் தமையன் முருகேசனுக்குரியது. கேம்பல் பேயில் கிடைக்கும் வலை உப்புக்காற்றில் ஓராண்டுகூடத் தாங்குவதில்லை என்றும், அபர்தீன் கடைத்தெருவில் நல்லதாகப் பார்த்து வாங்கி வரவேண்டும் என்றும் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கோழிக்கூண்டுக்காக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். ஏணியருகில் சீட்டைப் பார்த்த தமிழ்ப் பணியாளர் சுருளை மேலும் கீழும் நோக்கிவிட்டு, "இவருக்கும் சேத்துப் படுக்கை எடுத்திருக்கீங்களா சார்?" என்றார்.

போர்ட் பிளேயரிலிருந்து கேம்பல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பத்து டிகிரிக் கால்வாயைக் கடக்கையில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் உணவறை ஏறக்குறைய காலியாகவே கிடந்தது. கார் நிக்கோபாரிலும் கமோர்ட்டாவிலும் நின்று, சரக்கிறக்கி, ஞாயிறு விடியலில் நாங்கள் தெற்கு எல்லையை அடைந்தோம். மழைமேகம் தலைமேல் அமர்ந்த கரும்பச்சை மலை; அதன் அடியில் சிறு துறை; துறையில் முருகேசன்.

"வாங்க மாப்ளே. வலை வந்துருச்சா?"

தங்கை நலமா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

ஞாயிறு, முற்பகல். கடைத்தெருவில் தேநீர் பதினைந்து ரூபாய். சென்ற வாரம் கப்பல் பிந்தியதால் தக்காளி கிலோ நூற்றிருபது என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். முருகேசனின் வீடு தெற்குச் சாலையில், பதினோராவது கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே ஊர்ப்பெயரைவிடக் கிலோமீட்டர்க் கணக்கே முகவரியாக வழங்குகிறது. படையிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய தந்தை பரமக்குடிப் பக்கத்திலிருந்து குடியேறி, அரசு கொடுத்த நிலத்தில் தென்னை வைத்தார். பஞ்சாபிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வந்த படைவீரர் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. சாலையின் இடப்புறம் கடல் உள்ளே வந்து நின்றுவிட்ட பகுதிகளில், ஆழிப்பேரலையில் பட்டுப்போன மரங்கள் இன்னும் வெளிறிய தூண்களாக நீரில் நிற்கின்றன. முருகேசன் அவற்றைப் பார்க்காமலே வண்டியை ஓட்டினார்.

வீட்டை நெருங்கும்போது, வேலியருகில் நின்ற ஒரு பஞ்சாபி முதியவர் கையை உயர்த்தி, "க்யா பந்தர் மாஸ்டர், ஜீஜா ஆ கயே?" என்று கூவினார். குரங்கு வாத்தியாரே, தங்கை வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்பது பொருள். முருகேசன் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

அந்தப் பட்டப்பெயரின் வரலாற்றை அவருடைய மனைவி கமலா சோறு பரிமாறியபடியே சொன்னாள். சாலையோரத்தில் அவர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. கொப்பரை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும் ஒவ்வொரு முறையும் முருகேசன் அங்கே இறங்கி, உரித்த தேங்காய் ஒன்றைக் கருங்கல்லில் சிதறுகாயாக உடைப்பார். சிதறியதைப் பொறுக்க ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமையால் குரங்குகள் பொறுக்கின. அவை நிக்கோபார்த் தீவுகளுக்கே உரிய நீள்வால் குரங்குகள். நிறம் சற்றுக் கருமை. பல பருவங்கள் பொறுக்கியதோடு நின்றன. பிறகு ஒரு நாள், காதோரம் கிழிந்த மந்தி ஒன்று முற்றத்துக் குவியலிலிருந்து உரித்த காயை எடுத்துப்போய், அதே கல்லில் ஓங்கி உடைத்தது.

"இவர் மாதிரியே, அண்ணே. ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி, ஒரு நிமிசம் நிறுத்தி. சாமி கும்புடுதோன்னு நெனச்சேன்."

"ஆமா, கற்பூரம் மட்டுந்தான் ஏத்தல" என்றார் முருகேசன்.

"அதையும் நீங்க காட்டிக் குடுத்திருந்தா ஏத்தியிருக்கும்."

நகைச்சுவை அங்கே முடிந்தது. இப்போது நான்கைந்து குரங்குகள் உடைக்கின்றன. இங்குள்ள குடும்பங்களுக்கோ தென்னையன்றி வேறு வருவாய் இல்லை. இவருடைய முற்றத்தில் தொடங்கிய களவு பக்கத்து முற்றங்களுக்கும் பரவிவிட்டது. ஒவ்வொரு காய்க்கும் முருகேசன்தான் பொறுப்பு என்பதுபோல் அயலார் பேசுகிறார்கள். ஒரு வீட்டார் நாய் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். "நாய விட்டா குட்டியத்தான் மொதல்ல புடிக்கும்" என்றாள் கமலா. நாய்கள் பெருகுமுன் இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்பதே அவ்வீட்டின் கவலை.

ஞாயிறு, மாலை. மந்தியை நானே கண்டேன். ஒரு கையால் காயை மார்போடு அணைத்து, மூன்று காலால் நொண்டி நொண்டிக் கல்லருகே வந்தது. காயை இருமுறை திருப்பிப் பார்த்தது. ஓங்கியது, நிறுத்தியது, அறைந்தது. மூன்றாம் அடியில் ஓடு பிளந்தது. அதன் பக்கத்தில், வால் நிலத்தில் படிய அமர்ந்திருந்த பெண்குட்டி ஒன்று தாயின் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. தாய் எழுந்த பிறகு அது ஒரு வெறும் ஓட்டை எடுத்து, அதே கல்லில், அதே போலத் தலைக்கு மேல் தூக்கித் தட்டியது. ஓட்டில் ஒன்றுமில்லை என்பது அதற்குப் பொருட்டாகத் தோன்றவில்லை.

அன்று உணவின்போது நான் ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளைப் பற்றிப் பேசினேன். சில காடுகளில் அவை கல்லைச் சுத்தியலாகக் கொண்டு கொட்டைகளை உடைக்கின்றன. அதே கொட்டையும் அதே கல்லும் கிடக்கும் வேறு காடுகளில் அந்த வழக்கமே இல்லை. தாய் கைபிடித்துக் கற்பிப்பது அரிது. குட்டி ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்க்கிறது, தாய் விட்ட ஓட்டையும் கல்லையும் எடுத்துத் தவறாகவே செய்து பார்க்கிறது, பின்னர் ஒருநாள் தேர்கிறது. நம்முடைய வைணவர் மர்க்கட நியாயம் என்று சொல்வதும் இதற்குப் பொருந்தும் என்றேன். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்கிறது. குரங்குக் குட்டியோ தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். கற்பதிலும் பற்றுவது குட்டியின் வேலை.

முருகேசன் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப தாய் செய்யறத குட்டி பாக்கலேன்னா, அதுக்குத் தெரியாமப் போயிரும். அதானே?"

"அப்படித்தான் சொல்றாங்க, மச்சான்."

"டீக் ஹை. நாளைக்கே வலையக் கட்டிரலாம்."

கோழிக்கூண்டுக்கன்று, சிதறுகாய்க் கல்லுக்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது தக்க யோசனையாகவே எனக்கும் பட்டது. நாயைவிட வலை மென்மையானது அல்லவா?

திங்கள். நான்கு கமுகந்தூண்களை நட்டு, கல்லைச் சுற்றிலும் அதன் மேற்புறத்திலும் வலையை இழுத்துக் கட்டினோம். முருகேசன் உள்ளே கைவிட்டு உடைக்கப் பூட்டுடன் ஒரு சிறு கதவும் வைத்தோம். நண்பகலுக்குப் பின் மந்தி காயோடு வந்தது. வலையை முகர்ந்தது; சுற்றி வந்தது; மேலேறி ஒருமுறை குலுக்கியது. பின் இறங்கி, காயை மடியில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது. குட்டியும் அதையே பார்த்து உட்கார்ந்தது. கடைசியில் இரண்டும் காயை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போயின.

"முடிஞ்சுது, மாப்ளே" என்றார் முருகேசன். அன்று மாலை பஞ்சாபி முதியவர் இவரைப் பெயர் சொல்லி அழைத்தார், பட்டப்பெயர் சொல்லவில்லை. முருகேசன் அவருக்கு இரண்டாவது குவளைத் தேநீரும் ஊற்றினார்.

கமலா மட்டும், "அது கோவப்பட்டிருந்தாக்கூட எனக்கு ஒன்னும் தோணியிருக்காது. சும்மா ஒக்காந்திருச்சே" என்றாள்.

செவ்வாய், காலை. சாலைப் பக்கமிருந்து ஓர் ஓசை வந்தது. கல்லில் காய் பிளக்கும் கணீரென்ற ஒலியன்று. மழுங்கிய, அடர்ந்த ஒலி. கமலாதான் முதலில் வெளியே ஓடினாள். தார்ச்சாலையின் நடுவே மந்தி நின்றுகொண்டிருந்தது. ஓங்கியது, நிறுத்தியது, அறைந்தது. தார் கல்லைப்போல் இல்லை. ஏழெட்டு முறை அறைய வேண்டியிருந்தது. சாலை வளைவுக்கு அப்பால் வண்டி வருவது தெரியாது. ஓரத்தில் இருந்த குட்டி மெல்ல நடுவுக்கு வந்து தாயருகில் அமர்ந்தது.

"வலையப் பிரிச்சிருங்க" என்றாள் கமலா.

"ஒரு நாள்தானே ஆச்சு. நாலு நாள் பாப்போம்."

"நடுரோட்டுல நிக்கிது, பாக்கறீங்களா இல்லையா?"

"வண்டி வந்தா ஓடிரும். பொழைக்கத் தெரிஞ்ச ஜென்மம். எங்கிட்டயே கத்துக்கிட்டது."

அவர் சொன்னதும் முற்றிலும் தவறன்று. அன்று வந்த வண்டிகளுக்கெல்லாம் மந்தி ஒதுங்கியது. ஆனால் ஓங்கி நிறுத்தும் அந்த ஒரு கணத்தில் அதன் கவனம் முழுவதும் காயிலேயே இருந்தது. அதை நானும் பார்த்தேன். வலையைப் பிரிக்கும்படி நானும் சொல்லியிருக்கலாம்.

புதன், முற்பகல். மணல் ஏற்றிய வண்டியொன்று வளைவில் திரும்பியது. ஓட்டுநர் நிறுத்தத்தான் முயன்றார். சாலையில் மழை ஈரம். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குட்டி தாயின் பக்கத்திலேயே இருந்தது. அருகே போனால் பல்லைக் காட்டியது. முருகேசன் தோளிலிருந்த துண்டை எடுத்து மந்தியின்மேல் போர்த்தினார். ஓட்டுநர், "மாஃப் கர்னா, பாய்" என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். முருகேசன் நேரே கோயிலுக்கு நடந்து, வெட்டுக்கத்தியால் வலையை அறுக்கத் தொடங்கினார். கட்டும்போது முடிச்சுகளை அத்தனை பொறுமையாகப் போட்டவர் அவர். இப்போது கையில் இரத்தம் கசிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மெதுவா, மச்சான்" என்றேன்.

"மெதுவாப் பண்ணதெல்லாம் போதும் மாப்ளே."

வியாழன் முழுவதும் கல் திறந்தே கிடந்தது. முருகேசன் இருமுறை சிதறுகாய் உடைத்துத் துண்டுகளை அப்படியே விட்டுவைத்தார். கடுவன் குரங்குகள் வந்து தின்றுவிட்டுப் போயின. குட்டி வரவில்லை.

வெள்ளி, பிற்பகல். மாலைக் கப்பலுக்காக, வளைவுக்கு அப்பாலுள்ள நிறுத்தத்தில் பேருந்தேறினேன். துறை வரையில் இருபது ரூபாய். என் ஊரிலும் புது வண்டி வாங்கினால் நடுச்சாலையில் தேங்காய் உடைக்கிறோம். சக்கரம் ஏறிச் சிதறட்டும் என்று விட்டுப் போகிறோம். அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. இங்கே ஒருவர் பக்தியோடு செய்ததை ஓர் உயிர் கண்ணூன்றிப் பார்த்துவிட்டது. அதற்குமேல் அதைத் திரும்பப் பெற வழியில்லை. வலையால் கல்லைத்தான் மறைக்க முடிந்தது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தபோது, குட்டி தன் தாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

பேருந்து வளைவைத் தாண்டியதும் சட்டென்று நின்றது. சாலை நடுவில் அந்தப் பெண்குட்டி, தன் மார்பளவுக் காயொன்றை இரு கைகளாலும் தூக்க முயன்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தவில்லை; இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

கோயிலருகே முருகேசன் நிற்பது சாளரத்தின் வழியே தெரிந்தது. அவர் ஒரு காயை எடுத்தார். தலைக்கு மேல் உயர்த்தினார். வழக்கத்தைவிட நெடுநேரம் நிறுத்தினார். பிறகு கருங்கல்லில் அறைந்தார். கணீரென்ற அந்த ஒலி சாலைவரை கேட்டது. துண்டுகள் எல்லாத் திசைகளிலும் தெறித்தன.

குட்டி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் காயைத் தார்ச்சாலையில் தட்டியது.

அவர் அடுத்த காயை எடுத்தார்.