டேங்கருக்குள் கேட்ட தட்டல்

சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருக்கிறேன். பல வருடம் தோட்டத்தில் கிடந்து துருவேறிய தண்ணி டேங்கர் லாரி ஒன்று வேலைக்கு வந்தது. அதன் டிரைவர் அதிலேயே செத்துப்போனார் என்று ஊரில் பேச்சு.

ஒரு மத்தியானம், ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் வண்டிக்கடியில் படுத்து, துருவில் இறுகிய போல்ட்டைச் சுத்தியலால் மூன்று முறை அடித்தேன். டேங்குக்குள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது, மெதுவாக. செத்த டிரைவர்தான் என்று நினைத்து, ரோட்டுக்கே ஓடிவிட்டேன்.

டீக்கடையில் பாதி டீ குடித்த பிறகுதான், உள்ளே துரு சுரண்ட பெயின்டர் மாரப்பனை வரச்சொன்னது ஞாபகம் வந்தது. திரும்ப ஓடி, டேங்க் மேலேறி, திறந்திருந்த மூடி வழியே பார்த்தேன். உள்ளே சுருண்டு கிடந்தார். வருடக்கணக்கில் மூடியே கிடந்த டேங்கில், துரு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அது எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. கம்ப்ரசர் குழாயை உள்ளே விட்டுக் காற்றடித்துக்கொண்டே கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து, கயிறு கட்டி அவரை வெளியே தூக்கினார்கள்.

கண் திறந்ததும் என்னிடம் கேட்டார்: "தட்டிக்கிட்டே இருந்தேனுங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க" என்றேன்.

மாரப்பன் இன்றும் என் பட்டறைக்குத்தான் வருகிறார். தன் உயிரைக் காப்பாற்றியவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுகிறார். நான் ஸ்பேனர் தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறேன். பேய்க்குப் பயந்து ஓடியதை இன்னும் அவரிடம் சொல்ல முடியவில்லை.