நாகிதுக்கு ஐந்து நிமிடம்

மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரின் தமிழ் விழாவில் பேச டெக்சாஸிலிருந்து வந்திருக்கிறேன். இடைக்கால எகிப்தில் யூதர்களின் சமூகத் தலைவருக்கு 'நாகித்' என்று பட்டம். சுல்தானிடம் பேசுவதும் வழக்கு தீர்ப்பதும் அவர் வேலை. அதை ஆராய்ந்துதான், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத குடும்பத்தில் பிறந்த நான் முனைவரானேன். அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மேடையில் பொன்னாடை முடிகிற பாடில்லை. தலைவர், முன்னாள் தலைவர், நிறுவனத் தலைவர், அடுத்த ஆண்டுத் தலைவர்.

ஒருங்கிணைப்பாளர் அங்கிள் என் பக்கம் குனிகிறார். "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடும்மா, டின்னர் ரெடி. ஆமா, எகிப்துக்கு மொத்தம் எத்தனை நாகித்?"

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அங்கிள்."

"மத்தவங்க சும்மாவா இருந்தாங்க?"

"எங்க இருந்தாங்க, அவரைப் பத்தி சுல்தான்கிட்ட போட்டுக் கொடுத்தாங்க."

"அப்ப நம்ம ஆளுங்கதான்."

மைக் கைக்கு வருகிறது. மேடையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வணங்கவே ஐந்து நிமிடம் போய்விடும். நேராக நாகிதிடம் போகிறேன். இரண்டாவது வாக்கியத்தில் நிறுவனத் தலைவர் கை தூக்குகிறார். சந்தேகம் கேட்கிறார் என்று மகிழ்ந்து நிறுத்துகிறேன்.

"எங்க பேரெல்லாம் விட்டுட்டியேம்மா."

அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்குகிறேன்.