கழுவி வைத்த கிணறு

மண்ணை மோந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பூமிக்குள் புதைத்த பெட்ரோல், டீசல் டேங்க் ஒழுகினால் மண்ணும் நிலத்தடி நீரும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. தூத்துக்குடியில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. உப்பு மண், இரும்பு டேங்க், கேட்கவா வேண்டும்?

அந்த டீசல் பங்க் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நம்பி நடந்தது. அதற்குப் பின்னால் கடலுக்குப் போகிறவர்களின் தெரு. தெருக்கோடியில் ஒரு அக்காவின் வீட்டில் கிணறு. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத உப்பு. இந்த ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீர். குழாயில் வராத நாளெல்லாம் தெரு முழுக்க இந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தது. அதில் டீசல் மிதக்கிறது, குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு என்று அந்த அக்காதான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருந்தார். கிணற்றில் டீசல் இருப்பது உறுதியானால் பங்க்காரர்கள் டேங்கைத் தோண்டி எடுக்க வேண்டும், தெருவுக்குத் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

முதல் நாள் சும்மா பார்க்கப் போனேன். வாளியில் மொண்டதுமே நிறம் நிறமாகப் படலம், குமட்டுகிற நெடி. பங்க்குக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். "டேங்க்ல இருப்பு கொஞ்சம் குறையத்தான் செய்யிது மேடம். இங்க வெயிலு அப்படி. ஆவியாப் போயிருது" என்றார் வாய் கூசாமல். பெட்ரோல் என்றாலாவது நம்பலாம், டீசல் ஆவியாகப் போகிறதாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஆள் டேங்கையே மறைத்தார். உள்ளே சிமெண்ட் தளத்தை உடைக்க விடவில்லை. வாசல் ஓரமாக, டேங்குக்கு ரொம்பத் தள்ளி, ஒரே ஒரு இடத்தில் துளை போட விட்டார்கள். அங்கே மண் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? ஆக மொத்தம் எல்லாம் கிணற்றை நம்பி நின்றது.

அதிகாரி, பங்க்காரர், மனுக் கொடுத்தவர் மூன்று பேரும் பார்க்க எடுத்தால்தான் மாதிரி செல்லும். நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வாரோம். ஆபீசரும் வாராங்க. வீட்ல இருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கிணற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷ அனுபவம், நாக்கில் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

மறுநாள் போனால் தெருவே பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. கிணற்றுச் சுவரில் புதுச் சுண்ணாம்பு. கிட்டே போகும்போதே ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த சிப்பி கூடத் தெரிந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை. "நேத்து மோட்டார் போட்டு ஒட்ட இறைச்சிட்டோம் மேடம். எல்லாரும் சேந்து சுவரத் தேய்ச்சுக் கழுவினோம். மாதா கோயில் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலே கிணத்தக் கழுவித்தான் வெப்போம். ஆபீசர் வாராவன்னு சொன்னீய. அந்த நாத்தத்தோடயா காட்டுவோம்?"

"அந்த நாத்தத்தப் பாக்கத்தானக்கா வந்திருக்கோம்! உங்கள யாரு கழுவச் சொன்னா? அறிவு வேண்டாமா?"

தெருவே பார்க்கக் கத்தினேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்ததில் பாதி நான், திட்டு வாங்கியது முழுக்க அவர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சார், இது பழைய தண்ணி இல்ல. டீசல் திரும்ப ஊறி வரட்டும், ரெண்டு வாரம் கழிச்சு எடுப்போம்" என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "தண்ணி தண்ணிதான மேடம்? குறிச்ச நாள்ல எடுக்கதுதான் முறை" என்றார். எங்கள் லேப் முதலாளிக்குப் போன் போட்டேன். "எல்லாரும் வந்தாச்சுல்ல? எடுத்துட்டு வாம்மா" என்று வைத்துவிட்டார்.

எடுத்தேன். மாட்டேன் என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். அந்தப் பயம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. முந்தின நாள் கிணறு இறைத்துக் கழுவப்பட்டது என்று என் குறிப்பில் எழுதினேன். அறிக்கையில் அதற்கு இடமே இல்லை. 'பாதிப்பு இல்லை' என்று முடிவு வந்தது. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து, விளாத்திகுளம் பக்கம் வேறொரு பங்க்கில் நிற்கும்போது அந்த அக்கா கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, உற்சாகம்கூட இருந்தது.

"மேடம், நல்லாருக்கீயளா? பழையபடி மிதக்கு மேடம், முன்னைக்கு இப்பம் கூடுதல். நீங்க ஏசினது மறக்கல. நாத்தம் திரும்புன அன்னைக்கே தெருவுல சொல்லிட்டேன், ஒருத்தரும் வாளி இறக்கப்படாதுன்னு. தண்ணிக்கு ரெண்டு தெரு தள்ளிப் போறோம். தூசி விழுந்தாக்கூட எடுக்கல, அப்படியே நாறிக் கெடக்கு. எப்ப வாரீய?"

"அக்கா... அந்த ஃபைல முடிச்சுட்டாங்க."

"புதுசா மனுக் குடுத்தா?"

"பழைய ரிப்போர்ட்டக் காட்டித் தள்ளிருவாங்க அக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்பம் கழுவிரட்டுமா மேடம்?" என்று கேட்டார்.