ஓய்வெடுக்க ஜிம்முக்குப் போன வாரம்

என்னைச் சாய்த்தது ஜிம்மில் இருந்த இரும்பா, ஆலயத்தில் இருந்த மர பெஞ்சா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமியாரைக் கேட்டால் யோசிக்காமல் இரும்பு என்பார். நான் பெஞ்சு என்பேன். இரண்டையும் ஒரே வாரத்தில் நிறுத்தினேன், உடம்பு தேறியது. எதை நிறுத்தியதால் தேறியது என்று யார் சொல்வது? அதனாலேயே அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கத்தில். கணவர் காலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர். மகளுக்கு மூன்று வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி என்னை விடவே இல்லை. குழந்தையைத் தரையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஒரு கை சுவரைத் தேடும். நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர், முதுகுக்கு வலு ஏற்ற வேண்டும் என்றார். அதே சாலையில் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே ஜிம் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும்.

வீட்டில் சம்மதம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. "உடம்புக்கு ஒரு கேடு வந்துச்சுன்னா அண்ணைக்கே நிறுத்தணும், கேட்டியா?" என்றார் கணவர். சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையால், சோர்வாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பது அப்போது புரியவில்லை.

முதலில் வெறும் கம்பி. பிறகு அதன் இரு பக்கமும் தட்டுகள் ஏறின. என் எடைக்குச் சமமான எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்த அன்று, வரும் வழியில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஏற்றத்தை நிற்காமல் ஏறினேன். சுவரைத் தேடிய கை சுவரை மறந்துவிட்டது.

செய்தி ஆலயத்துக்கும் போயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் பெஞ்சுகளை நகர்த்தி ஞாயிறுபள்ளிக்கு இடம் செய்ய வேண்டும், அது முடிந்ததும் பெண்கள் கூட்டத்துக்காகத் திரும்பப் போட வேண்டும். "மக்கா, இஞ்ச ஒரு கை பிடி. நீயாக்கும் நம்ம சபைக்குப் பயில்வான்" என்று சபை அம்மாமார் கூப்பிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்தேன். அடுத்த வாரம் தேநீர் காய்ச்சும் பெரிய செம்பு, அதற்கடுத்த வாரம் அரிசி மூட்டை. இரும்பு தூக்கினால் பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று என்னிடம் தனியாக வந்து சொன்னவர்களே பலாமர பெஞ்சைக் காட்டிக் கூப்பிட்டார்கள். மரத்துக்கு அந்தக் குணம் இல்லை போலும்.

நான் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்றால், பிறகு எதற்கு ஜிம்முக்குப் போகிறாய் என்று கேட்பார்கள். ஒவ்வொரு பெஞ்சும் எனக்குச் சாதகமான ஒரு சாட்சி என்றே நினைத்தேன்.

ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவள் நான். திங்கள் முதல் சனி வரை ஜிம், ஞாயிறு ஓய்வு. சரியான கணக்காகவே பட்டது. அந்த ஓய்வு நாளில் விடியுமுன் எழுந்து இறைச்சிக் கறி வைத்தேன். ஆலயத்தில் பெஞ்சு தூக்கினேன். மதியம் விருந்தாளிகளுக்குப் பரிமாறினேன். பாத்திரம் கழுவினேன். தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாலையில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நடந்தேன். ஜிம்முக்குப் போகவில்லை, ஆகவே அது ஓய்வு.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. போன மாதம் எளிதாக எழுந்த எடை இந்த மாதம் முழங்காலைத் தாண்டவில்லை. உடம்பெல்லாம் அசதி, ஆனால் படுத்தால் தூக்கம் வராது. காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சு, படியேறி வந்ததுபோல் அடித்தது. சளி பிடித்தால் போகவில்லை. சோறு பிடிக்கவில்லை. பால் சிந்தியதற்காக மகளை அதட்டினேன், அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்து நானும் அழுதேன். எல்லாவற்றையும்விட, ஜிம் பையை எடுக்கும்போது ஒரு வெறுப்பு வந்தது. நான் ஆசைப்பட்டுப் போன ஒரே இடம் அது.

பள்ளியில் மார்க் குறைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் படித்தவள், இதற்கும் அதே மருந்தைப் போட்டேன். மாலையில் சமையலறையிலும் தோப்புக்கரணம்போல் கூடுதலாக உட்கார்ந்து எழுந்தேன். தூக்க முடிந்த எடை இன்னும் குறைந்தது. வெளியே சொல்ல வழியில்லை. நிபந்தனை இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. பெஞ்சு விழுந்த சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. என்னைத் தேடி ஓடிவந்த மகளின் பாதத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் தீர்ப்புச் சொன்னார். "பெலம் கூடும்னு போனா. இப்ப உள்ள பெலமும் போச்சி. இனி அங்க போகண்டாம்." கணவர் என்னைப் பார்த்தார். நிபந்தனையை நினைவூட்ட அந்தப் பார்வையே போதும். பெஞ்சைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஜிம்முக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடற்கல்வி படித்தவள், என் வயதுதான். எத்தனை நாள் ஓய்வு என்று மலையாளத்தில் கேட்டாள். ஞாயிறு என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்றாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஒரு நாளும் தவறாமல் வருகிறாளே என்று இவ்வளவு நாளும் சந்தோஷப்பட்டேனே தவிர கேட்கத் தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஒரு வாரம் எதையும் தொடக்கூடாது, பிறகு பாதி எடை, தூக்கிய நாளுக்கு மறுநாள் தூக்கக்கூடாது என்றாள். காலையில் எழுந்ததும் நாடியைப் பார்க்கவும், வழக்கத்தைவிட வேகமாக இருந்தால் அன்று எடையைக் குறைக்கவும் சொன்னாள்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டாள் என்று முடிவாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் மாவும் துணியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் பையை எடுத்தேன். மாமியார் வாசலில் நின்றார்.

"கையில பெலம் இல்லாம என்னத்தைத் தூக்கப் போற?"

"ஒண்ணும் தூக்கப் போகல்ல மாமி. சும்மா இருக்கப் போறேன்."

"இருக்கியதுக்கு வீட்டுல நாற்காலி இல்லியா?"

"நாற்காலி உண்டு மாமி. இருக்க விடணும்."

சொல்லிவிட்டேன். படியிறங்கும்போது, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் திரும்பவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஜிம்முக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தேன். சுற்றிலும் இரும்பு மோதும் சத்தம். முதல் நாள் கூசியது. இரண்டாம் நாள் தூங்கிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, "பயில்வானே, ஒரு கை" என்று குரல் வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு, இன்று தூக்க மாட்டேன் என்றேன். "ஓ, நம்ம பயில்வான் ரிட்டயர்டு" என்றார்கள். சிரிப்புக்கு நடுவே இரண்டு ஆண்கள் எழுந்து வந்தார்கள். இத்தனை நாளும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் தூக்குகிறேன். தூக்கம் வந்தது, பசி வந்தது. பழைய எடையும் போன வாரம் முழங்காலைத் தாண்டி மேலே வந்தது. வீட்டில் கணவரிடம் நிபந்தனையைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். உடம்புக்குக் கேடு வந்தால் எதை நிறுத்துவது என்பதை நான் தீர்மானிப்பேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆனால் சபையில் அசன விருந்து வருகிறது. ஊருக்கே சோறு பொங்க வேண்டும், மூட்டையும் செம்பும் நிறைய உண்டு. முழங்கால் வலியுள்ள அம்மாமார் குனிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அன்று என் உடம்பு சொல்வது சோர்வா, சோம்பலா என்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. பிள்ளையும் வீடும் சபையும் வைத்துக்கொண்டு எடை தூக்கும் பெண்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள்: இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? அன்று எழுந்து பிடிக்கவா, உட்கார்ந்தே இருக்கவா? ஜிம்மை விட்டுவிடு என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது எங்கள் வீட்டிலேயே கிடைக்கிறது.