வெட்டி எடுத்த நாலு அடி

டிரைலரில் வரும் பட்டணத்து இளைஞனைப் போலச் சுகவாசி உலகத்தில் கிடையாது. அவன் பஸ்ஸுக்குக் காத்து நிற்க மாட்டான், பரீட்சை எழுத மாட்டான், அரைவேக்காட்டு ஹாஸ்டல் சோற்றைத் தின்ன மாட்டான். ஆம்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த ஆறு வருடத்தில் அப்படி எத்தனையோ பேரை நான் திரையில் ஓடவிட்டிருக்கிறேன். முழுப் படம் வந்த பிறகு பார்த்தால் அதே பையன் வேலை தேடிச் செருப்புத் தேய அலைந்துகொண்டிருப்பான். அதையெல்லாம் கழித்துவிட்டு, அவன் மோட்டார் சைக்கிளில் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் மட்டும் சேர்த்து ஒட்டினால் டிரைலர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரிப் படத்தின் டிரைலர் வந்தது. படத்தின் பெயர் வேண்டாம். முதலில் இருட்டில் ஓர் உறுமல் மட்டும் கேட்கும். பிறகு தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த சக்கரம். அடுத்து ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குள் மவுண்ட் ரோடு ஓடும். சுழலும் இசைத்தட்டு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் குதிகால் செருப்புகள், எதுவும் மூன்று வினாடிக்கு மேல் நிற்காது. நடுநடுவே எழுத்துகள் பறந்து வந்து முகத்தில் அறையும். கடைசியில் ஹாஸ்டல் ஜன்னலில் ஒரு பெண் வெளியே பார்த்துச் சிரிப்பாள். வாசலில் டிபன் கேரியரோடு அவளுடைய அம்மா நின்று கையசைப்பாள். அதன் பிறகுதான் கறுப்புக் கண்ணாடிக்காரன் வண்டியில் சாய்ந்தபடி வேறு யாருக்கோ கண்ணடிப்பான்.

ஒரு நாள் மேட்னிக்குச் சற்று முன்னால், சரியாக அந்த அம்மா வரும் இடத்தில் பிலிமின் ஓரத்துளைகள் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். கிழிந்தது ஒரு சாண்தான். மணி அடித்துவிட்டார்கள். அந்த ஒரு சாணை மட்டும் வெட்டி நிதானமாக ஒட்டப் பொறுமையில்லாமல், அம்மாவை முழுசாக, நாலு அடி, கத்தரித்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினேன். இடைவேளைக்குப் பிறகு டிரைலர் ஓடியது. அந்தப் பெண் சிரித்தாள், உடனே அவன் அவளுக்கே கண்ணடித்தான். தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்று விசிலடித்தது.

மேனேஜர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். “இன்னாபா பண்ண? விசில் காதைக் கிழிக்குது. இப்டியே உடு” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஒரு படத்தை எடுத்துவிட்ட மாதிரி மிதப்பு. வெட்டிய நாலு அடியைத் தகர டப்பாவில் போட்டு வைத்தேன். மறுநாள் காலை முழுக்க நேரம் இருந்தும் அதை நான் தொடவில்லை. வாரம் முடிவதற்குள் தோல் கம்பெனிப் பையன்கள் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள்.

அதே வாரம்தான் என் தங்கைக்கு மதராஸ் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வேலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து பி.யூ.சி. முடித்தவள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தது அவள்தான். அவள் கேட்ட பாடம் மதராசில் கிடைத்தது, ஹாஸ்டலில் இடமும் கிடைத்தது; அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் போய்ச் சேர வேண்டும். எங்கள் அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நைனா, எங்கள் அப்பா, தோல் கம்பெனியில் பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் தோலை ஊறவைக்கும் வேலை செய்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “போய்ப் படிம்மா” என்றார். அவள் அன்றே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள்.

சினிமாவே பார்க்காத மனிதர் நைனா. கம்பெனியில் எல்லோரும் அந்த ஹாஸ்டல் பெண்ணைப் பற்றியே பேசுவதைக் கேட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு, என்னிடம் சொல்லாமல், டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் கிளம்பியபோது நடு வரிசையில் ஓர் ஆள் எழுந்து வெளியே நடந்தார். வலது காலைச் சற்று இழுத்து நடக்கும் நடை. நைனாவேதான்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. “வர்லன்னு லெட்டர் போட்டுடு” என்றார் தங்கையிடம்.

“நைனா, அது வெறும் டிரைலரு” என்றேன்.

“ஊரே பாத்துக்கீது. நாளைக்கி இவ லீவுக்கு ரயில்ல வந்து எறங்கனா, அந்தப் பசங்க எந்தப் பொண்ண நெனச்சிக்கினு இவளப் பாப்பானுங்க?”

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்புமுன் கொட்டகையிலிருந்து அந்த நாலு அடியை எடுத்து வந்தேன். பட்டைத் தண்ணீர் ஏறிச் சிவந்த விரல்களால் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தங்கை கதவருகே நின்றிருந்தாள்.

“இது யாரு?” என்றார் நைனா.

“அந்தப் பொண்ணோட அம்மா. அவங்களப் பாத்துதான் அது சிரிக்குது.”

“இத ஏன் எட்த்த?”

“கிழிஞ்சி போச்சி.”

“இவ்ளோமா கிழிஞ்சிச்சி?”

இல்லை என்று தலையாட்டினேன். என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. பிலிமைத் திருப்பிக் கொடுத்தார். “எங்க ஆளுங்க அத்தினி பேரும் பாத்துட்டானுங்க. இத ஒட்டித் தெரையில காட்டு. ஞாயித்துக்கெழம நாலு பேரக் கூட்டினு வர்றேன். அவனுங்க பாக்கட்டும். அப்றம் இவ போவட்டும்.”

தங்கை பெட்டியை மறுபடி எடுத்து வைத்தாள். அன்றே கிழிந்த ஒரு சாணை மட்டும் கழித்து மிச்சத்தை ஒட்டினேன். அவ்வளவு கச்சிதமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பிலிம் ஒட்டியதில்லை. பயன்? பெண் சிரித்ததும் விசில் கிளம்பியது, டிபன் கேரியரோடு அம்மா வந்ததும் அடங்கியது, உடனே கூச்சல். “யோவ் ஆபரேட்டர், அந்தக் கெழவிய எடுய்யா!” செவ்வாய், புதன், வியாழன், எல்லா ஆட்டத்திலும் இதே கதை. சனிக்கிழமை மேனேஜர் வந்தார். “நாளிக்கி கும்பல் ஜாஸ்தி. பேஜார் பண்ணாத. எட்த்துடு.”

எடுத்துவிட்டேன். இந்த முறை கிழிசல் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூட வேலை செய்யும் நாலு பேரோடு வந்தார். அவர்கள் உட்கார்ந்த வரிசை எனக்கு ஓட்டை வழியாகத் தெரிந்தது. பெண் சிரித்தாள், அவன் கண்ணடித்தான், கொட்டகை அதிர்ந்தது. நைனா இந்தத் தடவை எழுந்து போகவில்லை. படம் முடியும்வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை. மதராஸ் ரயில் வந்து நின்று போகும் சத்தம் வீட்டில் கேட்டது. தங்கை பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

இரண்டு மாதம் கழித்து முழுப் படமும் வந்தது. அதற்குள் தங்கைக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவளும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அந்த ஜன்னல் வந்தது. பெண் சிரித்தாள். பழக்க தோஷத்தில் எல்லோரும் விசிலடித்தார்கள். அம்மா வந்து கையசைத்தாள். கூட்டத்தில் என் தங்கை மட்டும் திரும்பி, வெளிச்சம் வரும் ஓட்டையைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. ஆனாலும் நான் ஓட்டையை விட்டு நகர்ந்து நின்றுகொண்டேன்.

மறுநாள் காலையில் கேட்டாள். “மொதல் தபா கிழிஞ்சிச்சி, சரி. ரெண்டாவது தபா ஏன்ணா வெட்டுன?”

“மேனேஜர் சொன்னாரு.”

“அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும்னு, நீ கேட்டுப் பாத்தியா?”

நான் கேட்கவில்லை. அவள் நைனாவின் டிபன் கேரியரை எடுத்து வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள்.