வெளிய போய் நில்லு

நாலாம் வகுப்பு டீச்சருக்குப் பொறுமை போயி ரொம்ப நாளாச்சு. காரணம் ஒரே ஒருத்தி. வகுப்பே 'பட்டாசு'ன்னு கூப்பிடுற பொண்ணு. வாசிப்பு பீரியட்ல பிள்ளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து பாடத்தை வாசிச்சுட்டு வரும்போது, இவ பக்கத்துல இருக்கிறவ ஜடையைப் பிடிச்சு இழுப்பா. இல்லைன்னா தண்ணி பாட்டிலைக் கவுத்துவா. டீச்சர் தொண்டை கிழியக் கத்துவாங்க, "வெளிய போய் நில்லு." அவளும் சமர்த்தா போய் நிப்பா. அது வேற எரிச்சல்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கறாரா சொல்லிட்டாங்க, இன்னொரு புகார் வந்தா டி.சி. கொடுத்து அனுப்பிடலாம்னு. பட்டாசோட அம்மா தையல் கடையிலருந்து ஓடி வந்தா. வேற ஸ்கூல்னா ரெண்டு பஸ் மாறணும், கூட்டிட்டுப் போக வேலையைத்தான் விடணும்னு கண்ணைக் கசக்கிட்டுப் போனா. டீச்சருக்குப் பாவமாவும் இருந்துச்சு, தொலைஞ்சா நிம்மதின்னும் இருந்துச்சு.

சரி, கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு கடைசி பெஞ்சுலருந்து இழுத்துட்டு வந்து முதல் பெஞ்சுல உட்கார வெச்சாங்க. அங்கதான் கூத்து. இத்தனை நாளா பீரியட் முடியப் போறப்ப வெடிச்சவ, இப்ப ஆரம்பிச்சதுமே வெடிச்சா. வாசிப்பு முதல் பெஞ்சுலருந்துதானே தொடங்கும்.

மறுநாளும் பாட்டில் கவுந்துச்சு. "வெளிய"ன்னு வாயெடுத்த டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. சொல்றதுக்கு முன்னாடியே பட்டாசு பாதி எழுந்தாச்சு. முகத்துல ஒரு 'அப்பாடா'. அடுத்து வாசிக்க வேண்டியவ அவதான்.

டீச்சருக்குக் கோவம் தன் மேலயே திரும்புச்சு. தண்டனைன்னு நெனைச்சுகிட்டு, அவ கேட்டதைத்தானே தினமும் தூக்கிக் கொடுத்திருக்கோம்.

"உட்காரு. தண்ணியைத் துடை. வெளியவும் அனுப்ப மாட்டேன், வாசிக்கவும் சொல்ல மாட்டேன்"னாங்க. அப்புறம் குனிஞ்சு, "சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட மட்டும் வாசி."

வாசிச்சா. எழுத்து எழுத்தா, சறுக்கி விழுந்து, நாலு வார்த்தைக்குள்ள டீச்சரோட சாப்பாடு ஆறிப் போச்சு.

"தப்பா படிச்சா எல்லாரும் சிரிப்பாங்க டீச்சர்."

"ஜடையைப் பிடிச்சு இழுத்தா மட்டும் கும்புடுவாங்களாக்கும்?"

பட்டாசு களுக்குன்னு சிரிச்சுட்டா. அப்பப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல்ல வந்து நின்னு, டி.சி. எழுதிடவான்னு கேட்டாங்க.

"வேணாம் மேடம். மொதல்ல இந்த ஒரு வரியை முடிக்கட்டும், எனக்குப் பசிக்குது"ன்னாங்க டீச்சர்.